பெயர் மாறிய சிப், மாறாத முதல் பைட்

அகலம் ஆறு மில்லிமீட்டர், நீளம் எட்டு மில்லிமீட்டர், அடியில் 24 சால்டர் குண்டுகள். இந்தச் சிப்புக்கு 1.8 வோல்ட் கொடுத்து 9எஃப் என்ற கட்டளையை அனுப்பினால், தான் யார் என்பதை முதல் மூன்று பைட்டிலேயே, ஹெக்ஸ் எண்ணில், சொல்லிவிடும்: 20, பிபி, 20. முதல் பைட், செய்தவரின் அடையாள எண். இரண்டாவது, வகையும் வோல்டேஜும். 3 வோல்ட் சிப்பாக இருந்தால் அந்த இடத்தில் பிஏ வரும், 1.8 வோல்ட் என்றால் பிபி. மூன்றாவது, கொள்ளளவு. இங்கே 512 மெகாபிட்.

சிப்பின் பெயர் எம்டி25கியூயூ512. செய்தவர் மைக்ரான். ஆனால் மைக்ரானுக்கு, சிப் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு ஒதுக்கிய எண் 20 அல்ல, 2சி. 20 என்ற எண் ஐரோப்பிய நிறுவனமான எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸுக்கு உரியது. நிறுவனங்கள் கைமாறின, பங்குகள் விற்கப்பட்டன, பெயர்ப்பலகைகள் இறங்கின. சிலிக்கானில் பதிந்த அந்த ஒரு பைட் மட்டும் மாறவில்லை. பினாங்கில் போர்டு வடிவமைப்பவர்களுக்குப் பழைய சிப் கிடைக்காமல் போய் மாற்றுச் சிப் தேட வேண்டி வந்தபோது, வழி காட்டியது அந்த மாறாத பைட்தான்.

இந்தச் சிப்புக்கு வேலை எங்கே? எஃப்பிஜிஏ என்ற பெரிய சிப்பின் பக்கத்தில். எஃப்பிஜிஏ எந்த வேலையும் முன்கூட்டிக் கற்று வருவதில்லை. அதன் லாஜிக் எப்படி இணைய வேண்டும், எந்தக் கால் உள்வாங்க வேண்டும், எது வெளியிட வேண்டும் என்பதையெல்லாம் பயனர்தான் எழுதித் தருகிறார். எழுதியதை அது எஸ்ரேம் செல்களில் வைத்துக்கொள்கிறது. மின்சாரம் போனால் துடைத்த சிலேட்டுதான். ஆகவே ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் பக்கத்திலிருக்கும் ஃபிளாஷ் மெமரி சிப் அத்தனை பிட்டையும் திரும்ப ஓதியாக வேண்டும். ஆல்டெரா நிறுவனத்தின் ஆரியா 10 குடும்பத்திலுள்ள பெரிய எஃப்பிஜிஏ ஒன்றுக்கு, சுருக்காமல் வைத்தால், சுமார் 35 கோடி பிட் தேவை. நான்கு கம்பிகளில், 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓதினால் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நொடி பிசகினால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் பெறுமானமுள்ள போர்டு உயிரற்ற பச்சைத் தகடு.

இப்படிப்பட்ட சிப்பின் கதையைப் பினாங்கிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. 1969-இல் ஜார்ஜ்டவுன் தன் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் யூ, வெளிநாட்டு மின்னணுத் தொழிற்சாலைகளை அழைத்து வந்து பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் உட்கார வைத்தார். 1972-இல் இன்டெல் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதற்கு அதுதான் முதல் ஆலை. ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கர்ட், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்து ‘எட்டு சாமுராய்கள்’ என்று இங்கே இன்றும் சொல்வார்கள். 1975-இல் இன்டெல் ஆலை தீயில் அழிந்தது, மறுபடி எழுப்பினார்கள். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை பெருநிலத்துச் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் ஃபெர்ரி ஏறித்தான் இக்கரைத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பிலிருந்து காலுக்கு இழுத்துப் பிணைத்தது அந்தத் தலைமுறை. அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இன்று அதே பாயான் லெப்பாஸில் டிசைன் எஞ்சினியர்கள். குறைகடத்தித் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு தலைமுறையையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆல்டெரா நிறுவனம் பினாங்கில் வடிவமைப்பு மையம் தொடங்கியது 1994-இல். 1983-இல் கலிபோர்னியாவில் பிறந்த நிறுவனம் அது. முதல் தயாரிப்பு 1984-இல் வந்த இபி300. முதுகில் குவார்ட்ஸ் ஜன்னல் வைத்த சிப். எழுதியதை அழிக்க அந்த ஜன்னல் வழியே புற ஊதா விளக்கைக் காட்ட வேண்டும். அந்த ஜன்னல் நுட்பம் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் 1971-இல் உருவாக்கிய ஈப்ராம் நினைவகத்தின் வழிவந்தது. பின்னாளில் ஆல்டெரா எஸ்ரேம் பக்கம் போனது. 1992-இன் ஃபிளெக்ஸ் 8000 அந்த வரிசையில் முதல் குடும்பம். எஸ்ரேமுக்கு மாறியதும் வேகமும் கொள்ளளவும் கூடின, மறதியும் கூடவே வந்தது. பக்கத்தில் ஒரு நினைவுச் சிப் இல்லாமல் ஆகாது என்ற நிலை அன்று தொடங்கியது.

2002-இல் சைக்ளோன் என்ற மலிவு விலைக் குடும்பம் வந்தது. மலிவான எஃப்பிஜிஏவுக்கு மலிவான நினைவகம் வேண்டும். ஆல்டெரா தானே ஃபிளாஷ் செய்யவில்லை. எஸ்டி நிறுவனத்தின் எம்25பி வரிசை சீரியல் ஃபிளாஷ் சிப்புகளை வாங்கி, சோதித்து, இபிசிஎஸ் என்று தன் பெயரைப் பொறித்து விற்றது. எம்25பி16 இங்கே இபிசிஎஸ்16 ஆனது. எம்25பி64 இபிசிஎஸ்64 ஆனது. இது வெளியே தெரியாத ரகசியம் அல்ல. ஒரே டேட்டாஷீட்டின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த எந்த எஞ்சினியருக்கும் புரிந்தது. ஆல்டெரா பெயரில் வாங்கினால் விலை அதிகம். ஆனால் ‘எங்கள் எஃப்பிஜிஏவோடு இது ஓடும்’ என்ற உத்தரவாதம் கிடைக்கும். நியாயமான வியாபாரம்தான். ஒன்றே ஒன்று எனக்கு உறுத்துகிறது. உள்ளே இருப்பது யாருடைய சிப் என்பதை டேட்டாஷீட்டின் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதன் விலையைப் பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் போர்டு செய்கிறவர்கள் கொடுத்தார்கள்.

இதற்கிடையே எஸ்டியும் இன்டெல்லும் தங்கள் ஃபிளாஷ் பிரிவுகளைப் பிரித்து ஒன்றாக்கி, 2008-இல் நியூமோனிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. இரண்டே ஆண்டில், 2010 மே மாதம், மைக்ரான் அதை வாங்கியது. மலேசியாவில் மைக்ரானின் கால் முதலில் பதிந்ததும் இந்த வழியில்தான்: ஜொகூரின் முவாரில் இருந்த நியூமோனிக்ஸ் ஆலை அதன் கைக்கு வந்தது. எம்25பிக்கு அடுத்த தலைமுறையான என்25கியூ வரிசையும் மைக்ரான் பெயருக்கு மாறியது. சிப்பிடம் கேட்டால் மட்டும் பழையபடி 20 என்றே சொன்னது. அதை மாற்றினால் உலகமெங்கும் அந்த எண்ணை எதிர்பார்த்து எழுதிய மென்பொருள்கள் உடையும். ஆகவே யாரும் தொடவில்லை. ஆல்டெரா அந்த என்25கியூ வரிசைக்கு இபிசிகியூ என்று பெயரிட்டு, 28 நானோமீட்டர் தலைமுறை எஃப்பிஜிஏக்களுக்குக் கொடுத்தது.

இனி வோல்டேஜ். ஒரு காலத்தில் டிஜிட்டல் சுற்று என்றால் 5 வோல்ட். பிறகு 3.3, 2.5, 1.8 என்று இறங்கிக்கொண்டே வந்தது. கம்பி ஒன்றை மேலும் கீழும் ஆட்டுவதற்குச் செலவாகும் மின்திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப இருக்கும். 3.3-லிருந்து 1.8-க்கு இறங்கினால், அதே வேகத்தில், செலவு ஏறக்குறைய முப்பது சதவீதமாகக் குறையும். காரணம் அது மட்டுமல்ல. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அதன் வாயிலில் உள்ள ஆக்சைடு படலமும் மெலிகிறது. பழைய வோல்டேஜை அதன்மேல் ஏற்றினால் தாங்காது. ஆரியா 10, டிஎஸ்எம்சி ஆலையின் 20 நானோமீட்டர் நுட்பத்தில் செய்தது. அதன் கான்ஃபிகரேஷன் கால்கள் ஃபிளாஷோடு 1.8 வோல்ட்டில்தான் பேசும். அதற்காக ஆல்டெரா கொண்டுவந்ததுதான் இபிசிகியூஎல்: அதே மைக்ரான் வம்சத்தின் 1.8 வோல்ட் பிள்ளை, 256, 512, 1024 மெகாபிட் என மூன்று அளவில், 24 குண்டு உறையில்.

2015 டிசம்பரில் இன்டெல் 1,670 கோடி டாலருக்கு ஆல்டெராவை வாங்கி முடித்தது. பாயான் லெப்பாஸில் நாற்பது ஆண்டுக்கும் மேலாக இருந்த நிறுவனமும், இருபது ஆண்டாக இருந்த நிறுவனமும் ஒரே குடைக்குள் வந்தன. (1980-களில் ஆல்டெராவின் ஆரம்பகாலச் சிப்புகளைத் தன் ஆலையில் செய்து கொடுத்ததும் இன்டெல்தான்.) சில ஆண்டுகளில் மைக்ரான் தன் பழைய 65 நானோமீட்டர் என்25கியூ வரிசையை ஓரங்கட்டி 45 நானோமீட்டர் எம்டி25கியூ வரிசைக்கு நகர்ந்தது. வேர் அறுந்ததும் கிளை வாடியது. இபிசிஎஸ், இபிசிகியூ, இபிசிகியூஎல் எல்லாவற்றுக்கும் ‘இனி உற்பத்தி இல்லை’ என்ற அறிவிப்பு வந்தது. 3.3 வோல்ட்காரர்களுக்கு இபிசிகியூ-ஏ என்று ஒரு மாற்று கிடைத்தது. தைவானின் வின்பாண்ட் செய்த அது 128 மெகாபிட்டோடு நின்றது. 1.8 வோல்ட்காரர்களுக்கு ஆல்டெரா முத்திரையோடு மாற்று எதுவும் வரவில்லை. மைக்ரானின் எம்டி25கியூயூவை நேரடியாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை முகமூடிக்குள் இருந்த சிப் சொந்த முகத்தோடு போர்டில் ஏறியது அப்போதுதான்.

பர்ச்சேஸ் துறையின் கண்ணில் இது ஒரு வரி வேலை: பார்ட் நம்பரை மாற்று, ஆர்டர் போடு. ஆனால் அந்த ஒரு வரியில் எத்தனை கண்ணி இருக்கிறது!

முதல் கண்ணி ஓர் எழுத்து. எம்டி25கியூயூ என்றால் 1.7 முதல் 2.0 வோல்ட் வரை. எம்டி25கியூஎல் என்றால் 2.7 முதல் 3.6 வரை. உறை ஒன்று, கால் வரிசை ஒன்று, கொள்ளளவு ஒன்று. இபிசிகியூஎல் என்ற பழைய பெயரின் கடைசி ‘எல்’ எழுத்தைப் பார்த்துவிட்டு, கடையில் எம்டி25கியூஎல் கேட்டு வாங்குவது மிக எளிது. இரண்டு எல்லும் எதிரெதிர் திசையைக் காட்டுகின்றன. வந்த 3 வோல்ட் சிப்பை 1.8 வோல்ட் போர்டில் போட்டால் அது கண் விழிக்கவே விழிக்காது. கெடுதல் அதோடு நின்றால் நல்லது. யாராவது ‘பரவாயில்லை, இதற்கு மட்டும் தனியாக 3.3 கொடுப்போம்’ என்று கம்பி இழுத்தால், அது பேசும் 3.3 வோல்ட் நேராக எஃப்பிஜிஏவின் மெல்லிய கால்களில் போய் விழும். நடுவே லெவல் ஷிஃப்டர் வைக்கலாமே என்றால், நான்கு கம்பியும் இருபுறமும் பேசும் கம்பிகள். 100 மெகாஹெர்ட்ஸில் ஓடுபவை. ஷிஃப்டர் சேர்க்கும் சில நானோநொடித் தாமதம் போதும், பிட் தடுமாற. குறைந்த வோல்டேஜ் சிப்புக்குக் குறைந்த வோல்டேஜ் சிப்பே மாற்று.

இரண்டாவது கண்ணி அடையாளம். எஃப்பிஜிஏ தன் ஃபிளாஷின் ஐடியைச் சரிபார்க்கும். ஆல்டெராவின் குவார்ட்டஸ் மென்பொருளில் அந்தச் சோதனையை நிறுத்தும் வசதி உண்டு. அவசரத்தில் பலர் அதை நிறுத்திவிட்டு வேலையை முடிப்பார்கள். எம்டி25கியூயூவுக்கு அது தேவையே இல்லை. முதல் மூன்று பைட் தந்தைக்கும் பிள்ளைக்கும் ஒன்றுதான். எஸ்டி விட்டுச் சென்ற 20 இங்கே சோறு போடுகிறது. சிப் பழையதா புதியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு பைட் தள்ளிப் படிக்க வேண்டும்: ஐந்தாவது பைட் 44 என்றால் அது இரண்டாம் தலைமுறை, அதாவது எம்டி25கியூ. மூன்று பைட்டோடு நிறுத்துகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

தெரிய வேண்டிய இடமும் உண்டு. பழைய 512 மெகாபிட் என்25கியூவுக்குள் 256 மெகாபிட் சிலிக்கான் துண்டு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது. முழுவதையும் ஒரே கட்டளையில் அழிக்க முடியாது, துண்டு துண்டாகத்தான் அழிக்க வேண்டும். புதிய எம்டி25கியூ512-இல் துண்டு ஒன்றே ஒன்று. ஆகவே களத்தில் ஓடும் கருவிக்குள் ஃபிளாஷைப் புதுப்பிக்கும் மென்பொருளைப் பழைய அடுக்கை மனத்தில் வைத்து எழுதியிருந்தால், அதையும் திருத்தியாக வேண்டும். பார்ட் நம்பரை மாற்றியவருக்கு இது தெரிந்திருக்காது. சிப்பை மாற்றிச் சில மாதம் கழித்து, முதல் அப்டேட் போடும் நாளில்தான் வெடிக்கும்.

மூன்றாவது கண்ணி இன்னும் நுட்பமானது. அதைப் பாயான் பாருவில் ஒரு சிறிய சர்வீஸ் லேபில் கண்ணால் பார்த்தேன். ஓர் ஆரியா 10 போர்டு. பழைய இபிசிகியூஎல்512-ஐ வெங்காற்று வைத்துக் கழற்றி, எம்டி25கியூயூ512-ஐ உட்கார வைத்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் 24 குண்டும் ஒழுங்காக உருகி ஒட்டியிருந்தன. பவர் ரெயில் 1.80 காட்டியது. ஐடி சரி. இருந்தும் கான்ஃபிகரேஷன் முடிந்ததைச் சொல்லும் எல்இடி எரியவில்லை.

“அண்ணே, ஃபைலும் சரி, வெரிஃபையும் பாஸு. அப்புறம் ஏன் எழுந்திரிக்க மாட்டேங்குது?” என்றான் இளைஞன்.

மூத்த டெக்னீஷியன் ஆஸிலோஸ்கோப் புரோபை எடுக்கக்கூட இல்லை. “எங்க புரோகிராம் பண்ணின தம்பி? வெளி புரோகிராமர்லயா? அப்ப என்விசிஆர் எழுதியிருக்க மாட்ட. பி5 போட்டுப் படி.”

படித்தான். எஃப்எஃப்எஃப்எஃப். ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தது.

என்விசிஆர் என்பது மின்சாரம் போனாலும் அழியாத பதினாறு பிட் ரெஜிஸ்டர். சிப் எப்படிப் பேச வேண்டும் என்ற சில அடிப்படைப் பழக்கங்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று முகவரியின் நீளம். மூன்று பைட் முகவரியால் 128 மெகாபிட் வரைதான் எட்ட முடியும். 512-க்கு நான்கு பைட் வேண்டும். ஆலையிலிருந்து வரும் சிப் மூன்று பைட் முகவரிக்குப் பழகியிருக்கும். இன்னொன்று, முகவரி வந்தபின் தரவு கொடுக்கும் முன் எத்தனை துடிப்பு சும்மா இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. குவார்ட்டஸ் வழியாக எழுதினால் அது தானாகவே இவற்றையும் அமைத்துவிடும். வெளி புரோகிராமர் தரவை மட்டும் எழுதும். அப்போது எஃப்பிஜிஏ நான்கு பைட் முகவரி அனுப்பும். சிப் மூன்றோடு போதும் என்று எடுத்துக்கொண்டு, சில துடிப்பு முந்தியே பதில் சொல்லத் தொடங்கிவிடும். பதிலில் ஒரு பிட்கூடத் தப்பில்லை. நேரம்தான் தப்பு. எஃப்பிஜிஏவுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது; மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும்.

பி1 கட்டளையால் ரெஜிஸ்டரைச் சரியாக எழுதி, பவரை அணைத்துப் போட்டார்கள். எல்இடி எரிந்தது. இளைஞன் அந்த ரெஜிஸ்டர் மதிப்பை உற்பத்திக் குறிப்பில் தனி வரியாகச் சேர்த்தான். அடுத்த தொகுதியை வெளியே புரோகிராம் செய்யக் கொடுக்கும்போது ஃபைலோடு அந்த வரியும் போக வேண்டும் என்றார் மூத்தவர். மாற்றுச் சிப் வேலையின் சாரம் அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன். பொருளை வாங்கிவிடலாம். அதற்குள் பழைய நிறுவனம் சத்தமில்லாமல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த வேலை எது என்று கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் கடினம்.

பினாங்கு இந்தக் கதையில் இன்னொரு முறையும் வருகிறது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் 2014-இல் திறந்தது. பெருநிலத்தில் அது கரையேறும் இடம் பத்து காவான். கரும்பும் ரப்பரும் செம்பனையும் விளைந்த மண். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் அங்கே உண்டு. அதே பத்து காவானில் மைக்ரான் பெரிய ஆலை கட்டி, 2023 அக்டோபரில் இரண்டாவது கட்டடத்தையும் திறந்தது. அங்கே முக்கியமாக உருவாவது எஸ்எஸ்டி போன்ற பெரிய சேமிப்பகங்கள். நார் வகையைச் சேர்ந்த நம் சின்னஞ்சிறு ஃபிளாஷின் தூரத்து உறவு என்று சொல்லலாம். இக்கரையில் ஆல்டெரா மீண்டும் கைமாறியது: 2024-இல் பழைய பெயரை எடுத்துக்கொண்டது, 2025 செப்டம்பரில் 51 சதவீதப் பங்கு சில்வர் லேக் நிறுவனத்துக்குப் போனது. ஸ்ட்ராடிக்ஸ் 10, அஜிலெக்ஸ் போர்டுகளிலும் ஃபிளாஷின் இடத்தில் உட்காருவது பெரும்பாலும் எம்டி25கியூயூ குடும்பம்தான், 1.8 வோல்ட்டில்.

வோல்டேஜ் அதோடு நிற்கப் போவதில்லை. வின்பாண்ட் 1.2 வோல்ட்டில் ஓடும் சீரியல் நார் ஃபிளாஷை ஏற்கெனவே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1.8-லிருந்து அதற்கு இறங்கினால் கம்பிகளில் செலவாகும் மின்திறன் மறுபடி பாதிக்கும் கீழே போகும். ஆனால் இன்று 1.8-க்கு வடிவமைத்த போர்டில் அதை அப்படியே உட்கார வைக்க முடியாது. வின்பாண்டிடம் கேட்டால் முதல் பைட்டாக இஎஃப் வரும், 20 வராது. பவர் ரெயில், கட்டளைகள், ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிட்டாக வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய டேட்டாஷீட்டுகளை இப்போதே பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் பாயான் லெப்பாஸில் இருக்கிறார்கள்.